எந்தப் பணத்தில் வேண்டும்?

மார்ச் 3

ஏங்க,

நேத்து சாயங்காலத்திலிருந்து பதினோரு தடவை கூப்பிட்டிருக்கீங்க. போன் பக்கத்துலதான் கிடந்துச்சு. நான்தான் எடுக்கலை. எடுத்தா நீங்க சமாதானம் சொல்ல ஆரம்பிப்பீங்க. நான் அழுவேன். நான் அழுதா உங்களுக்கு உடனே சைட்ல யாராவது கூப்பிட்டுடுவாங்க. மெயில்ல இதுக்கெல்லாம் வழியில்லை. இந்த விஷயம் முடியுற வரைக்கும் எழுதியே பேசுவோம்.

குட்டியைத் தத்து எடுக்குற மனுவோட என்னென்ன வைக்கணும்னு குழந்தைகள் இல்லத்துல சொன்னது ஞாபகம் இருக்குல்ல? நம்ம ரெண்டு பேரோட ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட், ரெண்டு வருஷம் வரி கட்டின அத்தாட்சி. இருபத்தஞ்சாம் தேதிதான் கடைசி. உங்க ஸ்டேட்மென்ட் நேத்து வந்துச்சு. பெண்டாட்டியா அதைத் திறந்திருந்தா நல்லபடியா மூடி வச்சிருப்பேன். மத்தியானம் ஆபீஸ்ல, சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் திறந்தேன். பதினாலு வருஷமா ஆடிட்டர் ஆபீஸ்ல ஊரார் கணக்கைப் பார்த்துப் பழகின கண்ணு, அது பாட்டுக்கு வரி வரியா இறங்குது.

மாசா மாசம் இருபத்தெட்டாம் தேதி பணம் வந்திருக்கு. ஒரு மாசம் தப்பலை. போன செப்டம்பர்ல "கம்பெனி இழுத்தடிக்குது, ரெண்டு மாசம் சமாளி"ன்னு சொன்னீங்க. நான் ஆடிட்டர் சார் முன்னாடி தலையைக் குனிஞ்சு நின்னு முன்பணம் வாங்கி வீட்டு வாடகை கட்டினேன். அந்த ரெண்டு மாசமும் பணம் வந்திருக்கு. வந்து அந்த அக்கவுண்டுலயே உட்கார்ந்திருக்கு. இன்னமும் பாதிக்கு மேல அங்கதான் இருக்கு.

இன்னொண்ணு. "கம்பெனியே வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுக்குது, நீ கவலைப்படாதே"ன்னீங்க. அதை நம்பித்தான் உங்க பேர்ல இங்க கணக்குத் தாக்கல் பண்ணினேன். நீங்க அனுப்பின பில் தொகையும் வந்த தொகையும் ஒண்ணா இருக்கு. ஒரு பைசா பிடிக்கலை. அப்ப வரி எங்கங்க?

பதில் எழுதுங்க. ஜோக் வேண்டாம்.


மார்ச் 5

ஆடிட்டரம்மாவுக்கு,

ஜோக் வேண்டாம்னு நீ எழுதினதை நாலு தடவை படிச்சேன். ஜோக் இல்லாம எனக்கு எழுத வராது. இருந்தாலும் பார்க்குறேன்.

பணம் வந்துச்சு. நீ சொன்னது சரி. நடந்ததைச் சொல்லிடுறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒப்பந்தம் போட்டப்ப அந்தப் பேப்பர்ல மூணு கட்டம் இருந்துச்சு. "எந்தப் பணத்தில் வேண்டும்?" கம்பெனி இருக்குற நாட்டுப் பணமா, நான் வேலை பார்க்குற இந்த ஊர்ப் பணமா, நம்ம ஊர்ப் பணமா. லிஃப்டுக்கு புரோகிராம் எழுதச் சொன்னா எழுதுவேன். இதுல எனக்கு என்ன தெரியும்? ரூம்ல இருந்த எலக்ட்ரீஷியன் சொன்னான், "கம்பெனி நாட்டுப் பணத்துல வாங்குண்ணே, அது ஏறிக்கிட்டே இருக்கு, மாத்தாம வச்சிரு, ஒரு வருஷத்துல பாரு"ன்னு. டிக் அடிச்சேன். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டா நீ பத்துக் கேள்வி கேட்பே. கையெழுத்துப் போட எனக்கு ஒரு ராத்திரிதான் இருந்துச்சு.

ஏறுச்சு. ஒரு வருஷத்துக்கு மேல நல்லாவே ஏறுச்சு. அப்ப மாத்தி அனுப்பியிருந்தா நான் புத்திசாலி. இன்னும் கொஞ்சம் ஏறட்டும், குட்டி வரும்போது தனி ரூம் உள்ள வீடா பிடிச்சு உன்னை ஆச்சரியப்படுத்தலாம்னு வச்சிருந்தேன். போன ஆகஸ்ட்ல இறங்க ஆரம்பிச்சது. இறங்கும்போது மாத்த மனசு வருமா? இன்னைக்கு மாத்தினா நஷ்டம், நாளைக்கு ஏறும்னு ஒவ்வொரு நாளும் காலையில பல் விளக்குறதுக்கு முன்னாடி ரேட்டைப் பார்ப்பேன். செப்டம்பர்ல உன்கிட்ட பணம் வரலைன்னு சொன்னது அதனாலதான். ஒரு மாசத்துல சரியாயிடும்னு நினைச்சேன். இப்ப நூத்துக்கு இருபத்திரெண்டு போச்சு.

வரி விஷயம் நிஜமாவே எனக்குத் தெரியாது. கம்பெனி பிடிக்கும்னு நினைச்சேன். நீ கேட்டப்ப, தெரியலைன்னு சொல்ல வெட்கப்பட்டு "பிடிக்குது"ன்னு சொல்லிட்டேன்.

திட்டு. ஆனா போனை எடு. உன் குரல் கேட்டு மூணு நாளாச்சு.


மார்ச் 8

ஏங்க,

போன் எடுக்க மாட்டேன். திட்டவும் இல்லை. திட்டுறதுக்கு நேரம் ஒதுக்குற நிலைமையில இப்ப நாம இல்லை.

கம்பெனிகிட்ட பேசினேன். அந்த ஊர் நேரத்துக்கு ஆபீஸ் வெராண்டாவுல நின்னுக்கிட்டு. கணக்குப் பிரிவுல ஒரு பெண், ரொம்ப மரியாதையா, "உங்கள் கணவர் எங்கள் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர், ஒப்பந்தக்காரரின் வரி அவர் பொறுப்பு, ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது"ன்னாங்க. ஒன்பதாம் பக்கத்துலயும் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அழகான கையெழுத்து.

இப்ப நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பாஸ்போர்ட்டை எடுத்து முத்திரை குத்தின ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. நீங்க வேலை பார்க்குற ஊர்ல வருஷத்துல நூத்தி எண்பத்து மூணு நாளைத் தாண்டினா நீங்க அந்த ஊர் வரிக்காரர். எந்த நாட்டுக் கம்பெனி கொடுத்தாலும் சரி, எந்தப் பணத்துல கொடுத்தாலும் சரி, அங்க கட்டணும். தாண்டலைன்னா நம்ம ஊர்ல கட்டணும். எங்கேயும் கட்டாம இருக்குறதுக்குன்னு ஒரு ஊர் இல்லைங்க.

இதுல என் கையெழுத்தும் இருக்கு. உங்க வார்த்தையை வச்சு நான்தானே தாக்கல் பண்ணினேன்.


மார்ச் 15

ஆடிட்டரம்மாவுக்கு,

முத்திரை எல்லாம் போட்டோவுல இருக்கு. நானே எண்ணினேன். முதல் வருஷம் நூத்தி அறுபத்து நாலு. ரெண்டாவது வருஷம் இருநூத்தி பதினொண்ணு. முதல் வருஷம் அங்க, ரெண்டாவது வருஷம் இங்க. ரெண்டு பக்கமும் மாட்டியிருக்கேன். மத்தளம்கூட நம்மளைப் பார்த்து அனுதாபப்படும்.

அந்தக் கடைசி இருபத்தெட்டு நாள் எதுக்குத் தங்கினேன்னு உனக்கே தெரியும். ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒண்ணு ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குதுன்னு கூடுதல் வேலை கொடுத்தாங்க. பணம் அதிகம்னு ஒத்துக்கிட்டேன். அந்தப் பணத்தாலதான் இப்ப வருஷம் முழுக்க உள்ள பணத்துக்கும் வரி.

பயமா இருக்கு. இங்க வரி ஆபீஸ்ல போய் நின்னா பேரைப் பதிஞ்சுப்பாங்களாம். பாக்கியைக் கட்டித் தீர்த்துச் சான்றிதழ் வாங்குற வரைக்கும் விமான நிலையத்துல வெளியே விடமாட்டாங்களாம். சைட்ல ஒருத்தர் ஏழு மாசம் மாட்டிக்கிட்டார். நம்ம தத்து மனு விசாரணை மே பன்னிரண்டு. அன்னைக்கு நீதிபதி முன்னாடி நாம ரெண்டு பேரும் நிக்கணும். நான் இங்க மாட்டிக்கிட்டா?

அதனால ஒண்ணு பண்ணினேன். கோபப்படாதே. இங்க ஒரு பேப்பர்க்காரர் இருக்கார். என்ன பேப்பர் வேணும்னாலும் தயார் பண்ணுவார். நான் கம்பெனியோட நிரந்தர ஊழியர், வரி எல்லாம் சம்பளத்துலயே பிடிச்சாச்சுன்னு கம்பெனித் தாள்ல ஒரு சான்றிதழ் அடிச்சுக் கொடுத்தார். இணைச்சிருக்கேன். பார்க்க அசலா இருக்கு. இல்லத்துல யாரு இங்க போன் போட்டு விசாரிக்கப் போறாங்க? குட்டி வந்ததும் வரியை நிதானமா கட்டிடலாம். சத்தியமா கட்டுவேன்.


மார்ச் 16

நீங்க இணைச்சதை நான் பார்க்கலை. இப்படி ஒரு மெயில் எனக்கு வரவும் இல்லை.

அந்தக் குழந்தைக்கு நாம முதல்முதலா கொடுக்குற காகிதம் பொய்க் காகிதமா இருக்கணுமா? நாளைக்கே போய் அந்த ஊர் வரி ஆபீஸ்ல நில்லுங்க. மாட்டினா மாட்டுங்க. நீங்க போற வரைக்கும் எனக்கு எழுத வேண்டாம்.


மார்ச் 25

ஏங்க,

ஒன்பது நாளாச்சு. நீங்க எழுதலை. எழுத வேண்டாம்னு நான்தான் சொன்னேன். சொன்னதை எல்லாம் செய்யுற ஆளா நீங்க?

நேத்து இல்லத்துக்குப் போனேன். குட்டி எப்பவும்போல வாசல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. மஞ்சள் சட்டை, ஒரு பொத்தான் இல்லை. நான் உட்கார்ந்ததும் என் பையைத் திறந்து உள்ள இருக்குறதை ஒவ்வொண்ணா வெளியே எடுத்து வச்சு, மறுபடி ஒவ்வொண்ணா உள்ள வச்சா. அதுதான் அவளுக்கு விளையாட்டு. நடுவுல என் போனை எடுத்து, "ஏங்க கிட்ட பேசலாமா?"ன்னா. எனக்குப் புரியலை. அப்புறம்தான் புரிஞ்சது. போன தடவை உங்ககிட்ட பேசும்போது நான் "ஏங்க, ஏங்க"ன்னு கூப்பிட்டதைக் கேட்டு, அதுதான் உங்க பேருன்னு நினைச்சிருக்கா. "ஏங்க எப்ப வரும்?"னு கேட்டா. ஐஞ்சு வயசுக்கு அவ சிரிக்குறது ரொம்பக் கம்மி. நான் சிரிச்சதும் அவளும் சிரிச்சா.

கிளம்பும்போது ஒரு ஜோடி உள்ள வந்தாங்க. அவர் கையில பிளாஸ்டிக் உறை போட்ட தடிமனான ஃபைல். அந்தம்மா குட்டியைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கலை. நல்ல பார்வைதான். அதனாலதான் பிடிக்கலை. "அவங்க மனு முழுசா வந்துடுச்சு, உங்களுது இன்னும் ஒரு அத்தாட்சி வரலையே"ன்னு சமூகப் பணியாளர் அம்மா சொன்னாங்க. குத்திக் காட்டலை. சாதாரணமாத்தான் சொன்னாங்க.

ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தேன். இன்னைக்குக் காலையில ஆபீஸ் பிரிண்டர்ல அந்தச் சான்றிதழை எடுத்தேன். ஃபைல்ல வச்சுக் கொடுத்துட்டேன். ரசீதும் வாங்கிட்டேன்.

எதுவும் எழுதாதீங்க. உங்களைத் திட்டினதுக்கு மன்னிப்பு கேட்கவும் எனக்கு வாய் வரலை. பதினாலு வருஷம் எத்தனை பேர்கிட்ட "இதை எல்லாம் நான் தொடமாட்டேன் சார்"னு சொல்லியிருப்பேன். எவ்வளவு சுலபமா இருக்குங்க இது. பட்டனை அமுக்கினா பிரிண்டர் பாட்டுக்கு அடிச்சுத் தள்ளுது.


மார்ச் 25

ஆடிட்டரம்மாவுக்கு,

போயிட்டேன். முந்தா நாளே போனேன். கையில ஏதாவது கிடைச்ச பிறகு எழுதலாம்னு இருந்தேன்.

நீ எழுதின அந்த ஒரு வரி, முதல்முதலா கொடுக்குற காகிதம்னு எழுதினியே, அது என்னைத் தூங்க விடலை. சைட்ல இருபத்தேழாவது மாடியில லிஃப்ட் கதவு சோதனை. யாராவது நடுவுல நின்னா கதவு மூடக்கூடாது. ஒரு அட்டைப் பெட்டியை நடுவுல வச்சுச் சோதிப்போம். சென்சார் வேலை செய்யலை. ஆனா ரிப்போர்ட்ல "சரி"ன்னு எழுதிடுங்க, அடுத்த வாரம் மாத்திக்கலாம்னு மேஸ்திரி சொன்னார். எழுத மாட்டேன்னேன். "ஏன்?"னார். "நடுவுல ஒரு குழந்தை நின்னா?"ன்னேன். அன்னைக்கே லீவு சொல்லிட்டு வரி ஆபீஸுக்குப் போனேன்.

டோக்கன் நூத்தி ஏழு. நாலு மணி நேரம். கவுண்டர்ல கண்ணாடி போட்ட ஒரு அம்மா.

"நோட்டீஸ் வந்ததா?"

"இல்லைங்க."

"பின்னே எதற்கு வந்தீர்கள்?"

"வரி கட்ட."

"யாராவது அனுப்பினார்களா?"

"மனைவி."

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி என்னைப் பார்த்தாங்க. நோட்டீஸ் இல்லாம தானா வந்து நிக்குறவங்க வருஷத்துக்கு ரெண்டு பேர் தேறுவாங்களாம். வழக்கு இல்லை, அபராதத்துலயும் பாதி குறைச்சாங்க. நான் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர்னு பதிஞ்சு, இவ்வளவு வரி பாக்கின்னு ஒரு கடிதம் கொடுத்தாங்க. முத்திரையோட. அசல் முத்திரை! படம் எடுத்து இணைச்சிருக்கேன். இதை நீ இல்லத்துல கொடு.

ஒரு அடி மட்டும் வலிக்குது. வரியை இன்னைய ரேட்டுக்குப் போடலை. பணம் வந்த அந்தந்த இருபத்தெட்டாம் தேதி ரேட்டுக்குப் போடுறாங்க. அன்னைக்கு அந்தப் பணம் உச்சியில இருந்துச்சு. இப்ப என் கையில இருக்குறது கீழே விழுந்த பணம். இல்லாத பணத்துக்கும் வரி கட்டணும். எல்லாத்தையும் மாத்திக் கட்டினா, புது வீட்டுக்குன்னு நாம நினைச்சது மிஞ்சாது.

ஆனா மனசு லேசா இருக்கு. சொல்லு, நல்லதுதானே பண்ணினேன்?


மார்ச் 26

நம்ம ரெண்டு மெயிலும் ஒரே நாள் வழியில தாண்டிப் போயிருக்கு. நேத்து நான் எழுதினதைப் பார்த்தீங்களா?

நீங்க உண்மை பேசக் கத்துக்கிட்ட வாரத்தைப் பாருங்க. நான் பொய் கொடுத்த வாரம். நீங்க நிரந்தர ஊழியர்னு இல்லத்து ஃபைல்ல இருக்கு. நீங்க ஒப்பந்தக்காரர், வரி பாக்கின்னு ஒரு அரசாங்க முத்திரை சொல்லுது. உங்க கடிதத்தைக் கொடுத்தா நான் கொடுத்தது பொய்னு ஆகும். கொடுக்கலைன்னா ஆயுசு முழுக்க கதவு தட்டுற சத்தம் கேட்டா எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

ஆபீஸ்ல ரெண்டு தடவை கூட்டல் தப்பாப் போட்டேன். "உடம்பு சரியில்லையாம்மா?"ன்னு ஆடிட்டர் சார் கேட்டார். ஆமான்னேன்.

என்னங்க பண்றது? இந்தத் தடவை நிஜமாவே கேட்கிறேன். எனக்குத் தெரியலை.


மார்ச் 27

நீ "எனக்குத் தெரியலை"ன்னு எழுதி நான் பார்த்ததே இல்லை.

கேளு. தப்பு என்னுது. பேப்பர் வாங்கினது நான், அனுப்பினது நான். நீ போய், "என் வீட்டுக்காரர் அனுப்பினார், அசல்னு நம்பிக் கொடுத்தேன், இப்பதான் தெரிஞ்சது"ன்னு சொல்லு. பதினஞ்சு, பதினாறு, இருபத்தஞ்சாம் தேதி மெயில்களை அழிச்சிடு. நானும் அழிச்சிடுறேன். என்னைத் திட்டட்டும். நீ ஆபீஸ்ல நல்ல பேர் எடுத்தவ. உன் பேர் சுத்தமா இருந்தா குட்டி உனக்காவது கிடைப்பா. தேவைப்பட்டா உன் பேர்ல மட்டும் மனு போடு. நான் ஒதுங்கிக்கிறேன்.

இன்னைக்குக் காலையில அக்கவுண்ட்ல இருந்ததை எல்லாம் இந்த ஊர்ப் பணமா மாத்திட்டேன். ரேட்டைப் பார்க்காம மாத்தினது இதுதான் முதல் தடவை. கையோட வரியையும் கட்டிட்டேன். சான்றிதழ் வர ஆறு வாரம் ஆகுமாம். ஆறு வாரம்னா மே எட்டு. விசாரணை பன்னிரண்டு. எண்ணிப் பார்த்துட்டேன். நாலு நாள்தான் இடைவெளி.


ஏப்ரல் 2

ஏங்க,

எந்த மெயிலையும் அழிக்கலை. ஒதுங்குறதா இருந்தா ரெண்டு பேரும் ஒதுங்குவோம்.

முதல்ல ஆடிட்டர் சார்கிட்ட சொன்னேன். முழுசா. உங்க முதல் வருஷக் கணக்கு தப்பாத் தாக்கல் ஆனது, ஆபீஸ் பிரிண்டர்ல எடுத்தது எல்லாம். பேனாவை மூடி வச்சார். "திருத்தின கணக்கை இன்னைக்கே போடும்மா"ன்னார். அப்புறம், "ஆறு மாசத்துக்கு நீ எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம், இன்னொருத்தர் சரிபார்க்கட்டும்"னார். வேலை போகலை. ஆனா பதினாலு வருஷத்துல முதல் தடவையா என் மேஜைக்கு ஃபைல் வராம பக்கத்து மேஜைக்குப் போகுது.

சாயங்காலம் இல்லத்துக்குப் போனேன். சமூகப் பணியாளர் அம்மா கதவைப் பூட்டிக்கிட்டு இருந்தாங்க. "அஞ்சு நிமிஷம்"னேன். உட்காரச் சொல்லலை. நின்னுக்கிட்டே சொன்னேன்.

"நான் கொடுத்த சம்பளச் சான்றிதழ் பொய்யானது. திரும்ப வாங்கிக்க வந்திருக்கேன். இது உண்மையான கடிதம்."

"உங்க கணவர் ஏமாத்திட்டாரா?"

நீங்க சொல்லிக் கொடுத்த பதில் நாக்கு நுனியில இருந்துச்சு. ஒரே ஒரு ‘ஆமா’தான்.

"இல்லைங்க. தெரிஞ்சேதான் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கம் உண்மையைச் சொல்லிக்கிட்டு இருந்த வாரத்துல."

பூட்டினதை மறுபடி திறந்தாங்க. ஃபைலை எடுத்தாங்க. "திருப்பித் தர முடியாது. வந்தது வந்ததுதான். நீங்க சொன்னதையும் எழுதிக் கொடுங்க, ரெண்டையும் சேர்த்தே நீதிபதிக்கு அனுப்புவேன்"னாங்க. எழுதினேன். எழுத்து கோணிப்போச்சு. வேற தாள் கேட்டேன். "இதுவே இருக்கட்டும்"னாங்க.

அந்த இன்னொரு ஜோடியோட மனு நமக்கு அடுத்து நிக்குது. நமக்கு இல்லைன்னு ஆனா அன்னைக்கே அவங்களைக் கூப்பிடுவாங்க. ரெண்டு பேரும் நேர்ல வரணும், ஒருத்தர் வரலைன்னாலும் தள்ளுபடின்னு அழுத்திச் சொன்னாங்க.

குட்டியைப் பார்க்கலை. பார்க்குற முகம் எனக்கு இல்லை.


மே 4

ஆடிட்டரம்மாவுக்கு,

சான்றிதழ் வரலை. தினமும் வேலை முடிஞ்சு கவுண்டருக்குப் போறேன். காவலாளி இப்ப என்னைப் பார்த்தாலே "இன்னைக்கும் இல்லை"ன்னு தலையை ஆட்டுறார். பன்னிரண்டாம் தேதிக்கு முன்னாடி கிளம்புற விமானம் மூணுதான் இருக்கு. மூணுலயும் விலை ஏறுது. டிக்கெட் வாங்கிட்டுப் போக முடியலைன்னா பணம் போச்சு. வாங்காம சான்றிதழ் வந்தா இடம் இல்லாம போகும். நீயா இருந்தா என்ன பண்ணுவே?

இதுக்கு நடுவுல கம்பெனி அடுத்த ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கு. ஆறு மாசம், அதுல இங்க தங்குறது அறுபது நாள் மட்டும், மிச்சம் வீட்டுல இருந்தே எழுதலாம். மறுபடியும் அதே மூணு கட்டம். பேனாவைத் தொடலை. உன்னைக் கேட்காம தொடமாட்டேன். பத்துக் கேள்வி கேளு, இருபதுகூடக் கேளு.


மே 5

பதினொண்ணாம் தேதி காலையில இங்க இறங்குற விமானத்துக்கு டிக்கெட் வாங்குங்க. தேதி மாத்திக்கிற மாதிரி டிக்கெட், விலை கூட ஆனாலும் பரவாயில்லை. 

கட்டத்துக்கு எனக்கு ஒரே கேள்விதான். செலவு எந்தப் பணத்துல? வீட்டு வாடகை, ஸ்கூல் பீஸ், மருந்து எல்லாம் நம்ம ஊர்ப் பணத்துலதானே? அப்ப நம்ம ஊர்ப் பணம். அங்க தங்குற நாளுக்கு மட்டும் அந்த ஊர்ப் பணம் கொடுக்க முடியுமான்னு கேளுங்க. ஏறுறது இறங்குறது எல்லாம் உங்க லிஃப்டோட இருக்கட்டும்.

ஸ்கூல் பீஸ்னு என்னை அறியாம எழுதிட்டேன். அழிக்கலை.


மே 9

வந்துடுச்சு! நேத்து வெள்ளிக்கிழமை, ஆபீஸ் முடியுறதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்தக் கண்ணாடி அம்மாவே கவுண்டரை விட்டு வெளியே வந்து கொடுத்தாங்களாம். "கொடுத்தாங்களாம்"னு என்ன, நான்தானே அங்க நின்னேன், எனக்கே இன்னும் நம்ப முடியலை. "மனைவியிடம் சொல்லுங்கள்"னாங்க. என்ன சொல்லணும்னு சொல்லலை.

நாளைக்குக் கிளம்புறேன். பையில துணியை விட காகிதம்தான் அதிகம். நீதிபதி என்ன கேட்டாலும் நீ பேசு. என்னைக் கேட்டா நான் உண்மையைச் சொல்றேன், அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது.

பயமாத்தான் இருக்கு. போன்ல சொல்லாம எழுதுறேன், நீ வச்ச சட்டம்.


ஜூன் 14

ஏங்க,

நீங்க திரும்பப் போய் ரெண்டு வாரம் ஆச்சு. தினமும் போன்ல பேசுறோம், இருந்தும் எழுதுறேன். இதைப் போன்ல சொன்னா குட்டி பக்கத்துல நின்னு கேட்பா.

அன்னைக்கு நீதிபதி அந்த ரெண்டு காகிதத்தையும் மேஜை மேல பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு, நம்மளைப் பார்க்காமலே எவ்வளவு நேரம் படிச்சார். "இதைத் திரும்ப வாங்க வராம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே"ன்னு அவர் சொன்னப்ப, நீங்க என் கையைப் பிடிச்சீங்க. "குழந்தை முதல்ல ஆறு மாசம் இவங்க பொறுப்புல இருக்கட்டும், மாசம் ஒருதடவை வீட்டைப் பார்த்து எழுதுங்க, அப்புறம் முடிவு"ன்னு சமூகப் பணியாளர் அம்மாகிட்ட சொல்லிட்டார். அந்த இன்னொரு அம்மா வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. அவங்களைத் தாண்டித்தான் நாம வெளியே வந்தோம். அந்த முகம் இன்னும் எனக்குள்ள இருக்கு.

குட்டி வந்ததிலிருந்து ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கா. அதுதான் எனக்குப் பயம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுறா. கூப்பிடுறதுக்கு முன்னாடி வந்து நிக்குறா. பையில இருந்த துணியை அலமாரியில வைக்க விடமாட்டேங்குறா.

வியாழக்கிழமை கண்ணாடிக் கிண்ணம் ஒண்ணைக் காணோம். நான் தேடவும் இல்லை. நேத்து அவ தலையணை உறையை மாத்தும்போது உள்ளே இருந்து துண்டு துண்டா விழுந்துச்சு. உடைச்சிருக்கா. ரெண்டு நாளா அதுமேலயே தலை வச்சுப் படுத்திருக்கா. உறைக்குள்ள துணி சுத்தி வச்சிருந்ததால காயம் படலை. என்னைப் பார்த்ததும் போய் அவ பையைத் தூக்கித் தோள்ல மாட்டிக்கிட்டு வாசப்படியில நின்னா. அழலைங்க. கிளம்பத் தயாரா நின்னா.

துடைப்பத்தை எடுத்துட்டு வந்து அவ பக்கத்துல கீழே உட்கார்ந்தேன். "நான்கூட ஒரு பெரிய தப்பை ஒளிச்சு வச்சேன். ஏங்ககூட வச்சாங்க. சொன்னப்புறம்தான் எங்களுக்குத் தூக்கம் வந்துச்சு"ன்னேன். "உங்களை அனுப்பிட்டாங்களா?"ன்னு கேட்டா. "இல்லை. திட்டினாங்க. அவ்வளவுதான்"னேன். முறத்தை அவ பிடிச்சா, நான் கூட்டினேன். பையை இறக்கலை. ராத்திரியும் கட்டில் ஓரத்துல வச்சுக்கிட்டுத்தான் படுத்தா.

இன்னைக்கு விடிஞ்சும் விடியாம யாரோ என் தோளைத் தொட்டாங்க. கண்ணைத் திறந்தேன். கட்டில் பக்கத்துல ஈரப் பாவாடையோட நிக்குறா. கன்னம் எல்லாம் சிவந்து, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு.

"ஒண்ணு சொல்லணும்"னா.

"சொல்லு."

"படுக்கையை நனைச்சிட்டேன். நான்தான். வேற யாரும் இல்லை."

வீட்டுலயே நாங்க ரெண்டு பேர்தாங்க இருக்கோம்! சிரிப்பை அடக்கவே முடியலை. அவ என்னைப் பார்த்துட்டு, சரி இது சிரிக்குற விஷயம்தான் போலன்னு, அவளும் சிரிச்சா. பாவாடையை மாத்தி விட்டேன். மாத்துப் பாவாடைக்கு அவ பையைத் திறந்தேன், தடுக்கலை. மிச்சத் துணியையும் எடுத்து அலமாரியில அடுக்கினேன், அவளே ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுத்தா. 

படுக்கை மாடியில காயுது. நீங்க இருபதாம் தேதி வந்துடுவீங்கல்ல?